திம்பாவதியில் ஒரு வெள்ளைக் குட்டி

சிங்கப்பூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏறக்குறைய பதினொரு மணி நேரம். அங்கிருந்து சிறிய விமானத்தில் ஹூட்ஸ்ப்ரெய்ட் நகருக்கு இன்னும் ஒரு மணி நேரம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள திம்பாவதி வனவிலங்குக் காப்பகத்துக்கு நான் போனது ஒரே ஆசையில்தான்: காட்டில் திரியும் வெள்ளைச் சிங்கத்தைப் படம்பிடிக்க வேண்டும்.

வெள்ளைச் சிங்கம் தனி இனம் அல்ல. அல்பினோவும் அல்ல, அதன் கண்கள் பொன்னிறத்திலோ வெளிர்நீலத்திலோ இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணு மாற்றம் குட்டிக்கு வந்து சேர்ந்தால்தான் இந்த நிறம் வெளிப்படும். அதனால், பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் பழுப்புச் சிங்கமும் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

1975ல் கிறிஸ் மெக்பிரைடு என்ற ஆய்வாளர் இங்கே வெள்ளைக் குட்டிகளைக் கண்டு, பிறகு எழுதிய நூலால் திம்பாவதி உலகப் புகழ் பெற்றது. சில சிங்கங்கள் விலங்குத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதன்பின் பல ஆண்டுகள் இந்தக் காட்டில் வெள்ளை நிறமே கண்ணில் படவில்லை. 2006ல்தான் மீண்டும் குட்டிகள் தென்பட்டன.

படம் மட்டும் போதுமென்றால் இவ்வளவு அலைய வேண்டியதில்லை. கட்டணம் செலுத்தினால் வெள்ளைக் குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கவிடும் பண்ணைகள் அந்நாட்டில் உண்டு. அப்படி வளரும் சிங்கங்களில் சில, பெரிதானதும் வேலிக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட வேட்டைக்காரர்களுக்கு விற்கப்படுகின்றன. அந்தப் படம் எனக்கு வேண்டாம்.

மூன்று நாள்கள் யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்தோம். நான்காம் நாள் விடியலில், ஜீப்பின் முன்புற இருக்கையில் அமர்ந்திருந்த தடம் பார்ப்பவர் கையை உயர்த்தினார். வறண்ட ஆற்றுமணலில் புதிய காலடிகள். அரை மணி நேரத்தில் ஐந்து சிங்கங்களைக் கண்டோம். பழுப்புத் தாயின் வயிற்றோடு ஒட்டி, வெள்ளையாக ஒரு குட்டி.

கரிய புதருக்கு முன்னால் வெண்மை. கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் குட்டியின் ரோமமெல்லாம் வெளுத்துப்போய்விடும். எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். பத்து நிமிடத்தில் வழிகாட்டி வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். “இடத்தின் பெயரைப் படத்தோடு போடாதீர்கள், சார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை,” என்றார்.

வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருக்கும் படத்தில் எல்லாரும் குட்டியைத்தான் பார்க்கிறார்கள். நான் தாயைக் காட்டுவேன். வெள்ளை மறைந்துபோனதாக நினைத்த காலமெல்லாம், அதைக் காப்பாற்றி வைத்திருந்தவை இவளைப் போன்ற பழுப்புச் சிங்கங்கள்தான்.

போக விரும்புவோர் மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். புல் தாழ்ந்திருக்கும், விலங்குகள் நீர்நிலை தேடி வரும். காலையில் குளிர் கடுமை, கம்பளிச் சட்டை அவசியம். அது மலேரியா உள்ள பகுதி என்பதால் புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள். எந்த இடத்துக்குப் பணம் கட்டும் முன்பும், “குட்டியைத் தொடலாமா?” என்று கேளுங்கள். ‘தொடலாம்’ என்றால், பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.