விதைநெல்லை உண்ணலாமோ?

எம் தமக்கையார் மறைந்த முப்பதாம் நாள் அது. நினைவுத் திருப்பலி முடிந்து, வந்திருந்த உறவினர் விடைபெற்றுச் சென்றபின், நெருங்கியவர் சிலர் மட்டும் வீட்டுக் கூடத்தில் எஞ்சியிருந்தோம். அத்தான் உள்ளே சென்று ஒரு பழுப்பு நிற உறையைக் கொணர்ந்து எம் முன் வைத்தார். அதனுள் ரூ. 38,000 இருந்தது. தமக்கையாரின் மருத்துவத்துக்கென உற்றாரும் பங்கு மக்களும் மனமுவந்து தந்த தொகையில் செலவாகாது நின்ற மீதம் அது.

"இதை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு, அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தவாறு அமர்ந்துவிட்டார்.

அநாதை இல்லத்தில் ஒருநாள் உணவு வழங்கலாம் என்றார் பெரியம்மா. தந்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் முறை என்றான் தம்பி. அதுவரை வாய் திறவாதிருந்த தமக்கையின் மகள், "மாமா, அம்மாவைக் கொண்டுபோன நோயை ஆராய்கிறவர்களுக்குக் கொடுத்தால் என்ன?" என்றாள். அவள் உயிரியல் பயிலும் மாணவி.

நாம் சற்றே நகைத்தோம் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. "அம்மா, அது கோடிக்கணக்கில் பணம் புரளும் இடம். நம் தொகை கடலில் கரைத்த பெருங்காயமாகப் போகும்" என்றோம்.

"இல்லை மாமா. விதைப்பணம் என்று ஒன்று உண்டு" என்று தொடங்கினாள் அவள். இளம் ஆராய்ச்சியாளர் ஒருவருக்குப் புதிதாய் ஓர் எண்ணம் தோன்றுகிறது. பெரிய நிதி நிறுவனங்களை நாடினால், "முதலில் சான்று காட்டு, பிறகு பணம் தருகிறோம்" என்கின்றன. சான்று காட்டவோ பணம் வேண்டும். இந்த இடைவெளியில் எத்தனையோ நல்ல எண்ணங்கள் முளைக்காமலே மடிகின்றன. அந்த முதற்சோதனைக்கு உதவும் சிறு தொகையே விதைப்பணம். பலர் தரும் சிறு சிறு கொடைகள் சேர்ந்துதான் அது உருவாகிறது.

அப்போது மருத்துவமனையில் கேட்ட ஒரு சொல் எம் நினைவுக்கு வந்தது. தமக்கையாருக்கு நுரையீரலில் புற்றுநோய். "நம் உடலில் காவல் புரியும் வெள்ளணுக்கள் உண்டு. வேற்றுக் கிருமி வந்தால் அவை தாக்கும். ஆனால் புற்றோ நம் உடலிலிருந்தே பிறந்தது. அது காவலரை ஏமாற்றத் தெரிந்துகொண்டுவிட்டது" என்று மருத்துவர் விளக்கினார். காவலணுக்கள் தம்மைக் கண்டுகொள்ளும் அடையாளங்களைச் சில கட்டிகள் உதறிவிடுமாம். வேறு சில, காவலணுவின் மேலுள்ள தடைக்கட்டையை அழுத்தி அதைச் செயலறச் செய்துவிடுமாம். அந்தத் தடையை விடுவிக்கும் மருந்து ஒன்று இருப்பதாகவும், அது எல்லாருக்கும் பலிப்பதில்லை என்றும் அவர் கூறினார். ஒரு தவணையின் விலை இலட்சத்துக்கும் மேல். எல்லாரும் கைகொடுத்ததால் இரண்டு தவணை செலுத்தினோம். மூன்றாவதற்குப் பணம் சேர்ந்துகொண்டிருந்தபோதே அவர் கண்களை மூடிவிட்டார்.

இரண்டு தவணையேனும் கிட்டிய அந்த மருந்து எங்கிருந்து வந்தது? அன்றிரவு மருமகள் தன்னிடமிருந்த நூல்களைக் கொண்டு அவ்வரலாற்றை எமக்கு விளக்கினாள்.

1890-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இரயில் பயணத்தில் கையில் அடிபட்டாள். பெசி டாஷியல் என்பது அவள் பெயர். வலி தீராது போகவே நியூயார்க்கில் வில்லியம் கோலி என்னும் இளம் அறுவை மருத்துவரிடம் வந்தாள். எலும்பில் புற்று எனக் கண்ட அவர், முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார். ஆயினும் 1891 சனவரியில் அவள் இறந்துபோனாள். அந்த மரணம் கோலியை உறங்கவிடவில்லை. மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்தில் புற்றுக்கட்டி இருந்த ஸ்டைன் என்பவர், கடுங்காய்ச்சலோடு தோல் சிவக்கும் ஒரு தொற்றுக்கு ஆளானதும் அக்கட்டி கரைந்துபோனதாக ஓர் ஏட்டில் குறித்திருந்தது. அது நிகழ்ந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. ஏழை மக்கள் நெருங்கி வாழும் தெருக்களில் தேடியலைந்து, அந்த மனிதர் நலமாய் வாழ்வதைக் கோலி நேரில் கண்டார்.

பின்னர் அவர் நோயாளிகளுக்குக் கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார். சிலர் பிழைத்தனர், சிலர் அந்தத் தொற்றினாலேயே மாண்டனர். ஆகவே கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையைப் பயன்படுத்தலானார். ஏன் பலிக்கிறது, ஏன் பலிப்பதில்லை என்று அவரால் விளக்க முடியவில்லை. கதிர் மருத்துவம் புகழ்பெற்றதும் அவர் முறை மங்கிற்று. 1936-இல் அவர் காலமானார்.

அவருடைய மகள் எலன் கோலி நாட்ஸ் மருத்துவம் படித்தவர் அல்லர். தந்தையின் பழைய தாள்களைக் கண்டெடுத்து, அவர் கவனித்த நோயாளிகளின் விவரங்களை ஒவ்வொன்றாய்த் தொகுத்தார். அறிஞர் பலர் செவிசாய்க்க மறுத்தனர். இறந்துபோன பெசியின் நெருங்கிய நண்பர், செல்வர் ஜான் ராக்பெல்லரின் மகன். அந்த நண்பருக்குப் பிறந்த நெல்சன் ராக்பெல்லர் தந்த 2,000 டாலரைக் கொண்டு, 1953-இல் எலன் அம்மையார் ஆலிவர் கிரேசு என்பவருடன் சேர்ந்து புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றை வெல்ல முயலும் இளைஞர்களுக்குக் கைகொடுப்பதே அதன் பணி. நாடே நகைத்த ஓர் எண்ணத்துக்குக் கிடைத்த விதைப்பணம் அது.

அதற்கு அடுத்த ஆண்டே, 1954-இல், சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரம் அவரைத் தூண்டியது. தொடக்கத்தில் இருந்தவை 12 படுக்கைகளே. துயரத்தை விதையாக்கிய பெண்கள் இருபுறமும் இருந்தார்கள்.

ஆண்டுகள் சென்றன. 1992-இல் சப்பானின் தசுக்கு ஓஞ்சோவின் ஆய்வுக்கூடத்தில் காவலணுவின் தடைக்கட்டை ஒன்று கண்டறியப்பட்டது. மற்றொரு தடைக்கட்டையை விடுவித்தால் எலிகளின் கட்டிகள் கரைகின்றன என்று 1996-இல் அமெரிக்காவின் சேம்சு அலிசன் குழுவினர் வெளியிட்டனர். அலிசன் சிறுவயதிலேயே தாயைப் புற்றுக்கு இழந்தவர். மருந்து நிறுவனங்கள் முதலில் தயங்கின. 2011-இல்தான் அம்மருந்துக்கு அந்நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. 2018-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தடை நீங்கிய காவலணுக்கள் சில வேளை குடலையும் நுரையீரலையும் தாக்குவதுண்டு. பலருக்கு மருந்து பலிப்பதே இல்லை. கட்டி வேறு எவ்வழிகளில் ஒளிகிறது என்பதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தமக்கையாரின் கட்டி எவ்வழியில் ஒளிந்ததோ!

நாம் விளக்கை அணைக்காது நெடுநேரம் அமர்ந்திருந்தோம். பெசி இறந்து, தடையை விடுவிக்கும் மருந்துக்கு ஒப்புதல் கிடைக்க 120 ஆண்டுகள் ஆயின. விதைத்தவர்களில் பெரும்பாலோர் அறுவடையைக் காணவில்லை. எனினும் எம் தமக்கைக்கு இரண்டு தவணை நம்பிக்கை கிட்டியது, முகமறியா அவர்கள் விதைத்ததால் அன்றோ?

மறுநாள் காலை மீண்டும் கூடினோம். தந்தவர் அனைவரையும் கேட்டறிந்த பின்பே முடிவு செய்வது என்றோம். தம்பியின் சொல்லிலும் நியாயம் இருந்தது. கேட்டவர்களில் இருவர் மட்டும் தம் பங்கைத் திரும்பப் பெற்றனர். அவர்களுக்கும் வீட்டில் நோயாளிகள் உண்டு. குறைகூற நமக்கு உரிமையில்லை. பெரியம்மாவின் விருப்பப்படி ஒருநாள் உணவுக்கு ஒரு பகுதி சென்றது. எஞ்சிய ரூ. 20,000-ஐப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென அனுப்பினோம்.

அத்தான் படிவத்தில் கையொப்பமிடுமுன் பேனாவைக் கையில் பிடித்தவாறே கேட்டார்: "இதனால் யாராவது பிழைப்பார்களா?"

"தெரியாது அப்பா. நம் காலத்தில் தெரியாமலும் போகலாம்" என்றாள் மகள்.

அவர் தலையசைத்துக் கையொப்பமிட்டார்.

வாசக அன்பர்களே, பசித்த வேளையிலும் விதைநெல்லை உண்ணாத உழவரின் மரபினர் நாம். பத்தாயத்தின் அடியில் அவர்கள் காத்து வைத்த படி நெல்தான் அடுத்த தலைமுறையின் சோறாயிற்று. நோயுற்றவரைப் பேணுதலும் பசித்தவர்க்கு உணவளித்தலும் என்றும் முதற்கடமையே. அவற்றோடு, யாருக்கென்று தெரியாமலே ஒரு பிடி விதையை எடுத்து வைப்பதும் குடும்பங்களுக்குரிய கடமை என்பதை ஒரு பழுப்பு உறை எமக்குக் கற்பித்தது.