பலாமரத்துக்கு மேலே

கொல்லிமலை என்றதும் நண்பர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியும் ஆகாய கங்கை அருவியைப் பற்றியும் கேட்பார்கள். நான் சொல்ல வந்ததோ எங்கள் வீட்டுக் கூரைமேல் புதிதாக ஏறிய டிஷ்ஷைப் பற்றி. ஐப்பசி விடுமுறையில், துறைக் கண்காட்சிக்காகச் சித்தப்பாவின் கைப்பேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

மாட்ட வந்த அண்ணன் தட்டைத் தென்கிழக்கே திருப்பிவிட்டு, "பலாமரம் மறைக்குது. வெட்டினாத்தான் படம் வரும்" என்றார். ஆயாவின் முகம் சுண்டிவிட்டது. என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்த மரத்தில் காய்த்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. "ஏங்கண்ணு, உன் படிப்புல இதுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார் ஆயா.

இருந்தது. தூர்தர்ஷனின் இலவசச் சேவை ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அது, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. எங்கள் மலையிலிருந்து கணக்கிட்டால் அடிவானத்துக்கு மேல் சுமார் 68 பாகை. ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல்! சிறிய டிஷ்களில் அலைவாங்கி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டு மரத்தைப் பார்ப்பதுபோல் தோன்றும். ஆனால் வாங்குவது இன்னும் மேலிருந்து வரும் அலையை. மரம் எட்டு மீட்டர் தள்ளி நிற்கிறது. அவ்விடத்தில் அலை, டிஷ்ஷைவிட ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் கடக்கும். மரமோ மொத்தமே 12 மீட்டர். பாகைமானியும் நூலும் வைத்துக் காட்டினேன். அண்ணன் நம்பவில்லை. சிக்னல் மீட்டர் 'கீ' என்று கத்திய பிறகுதான் அரிவாளைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை மஞ்சு மூடியது. என் படத்தில் டிஷ்ஷும் இல்லை, மரமும் இல்லை, வெறும் வெண்மை. உள்ளே தொலைக்காட்சி மட்டும் குறைவின்றிப் பாடிக்கொண்டிருந்தது! மஞ்சுத்துளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருக்கும். ஒளியலை அதைவிட நுண்ணியது, ஆகவே பட்டுச் சிதறுகிறது. செயற்கைக்கோள் அலையின் நீளமோ சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதற்கு மஞ்சு ஒரு பொருட்டல்ல. மாலையில் கனமழை. மழைத்துளி மில்லிமீட்டர் கணக்கில் பெருத்தது அல்லவா? இப்போது கேமராவுக்கு டிஷ் நன்றாகத் தெரிந்தது; தொலைக்காட்சிப் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பினார்கள். அப்போது கம்பிவலையால் செய்த மூன்று மீட்டர் டிஷ்கள் வைத்தார்களாம். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. எங்கள் ஊரில் அத்தனை பெரிதாக வைத்திருந்தால் குரங்குகள் குடும்பத்தோடு குடியேறியிருக்கும். இரண்டடி டிஷ்ஷிலேயே ஒன்று தொங்கி, தட்டு இம்மியளவு திரும்பி, அன்றைய செய்தி போயிற்று. அலைவாங்கியின் அடியில் குளவி மண்கூடு கட்டத் தொடங்கிவிட்டது. அதன் கம்பியில் ஒரு கரிச்சான் நாள்தோறும் வந்தமர்ந்து பூச்சி பிடிக்கிறது. பத்துப் படம் எடுத்தேன். பத்திலும் பிளவுபட்ட வால் மட்டுமே விழுந்தது.