ஆறா, பதிமூன்றா?

"ரிவால்வரை எல்லாம் எடைக்குப் போட வேண்டியதுதான்" என்று ஓர் இளம் அதிகாரி சமீபத்தில் என் காதுபடச் சொன்னார். ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான ஆனைக்குட்டத்தில் இருக்கிறேன். அந்த இடத்தில் அவருக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு தவறு. ஏன் தவறு என்று சொல்லாமல் விட்டால், பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்கிற ஆயுத அறையில் எண்ணெய்க் கையோடு நின்ற காலத்துக்கு மரியாதை இல்லை.

ரிவால்வரா பிஸ்டலா என்று ஊர்ப் பையன்களும் கேட்கிறார்கள். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, எதில் குண்டு அதிகம், எது வேகம் என்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றுமில்லை. நம் ஆயுதச் சட்டத்தில் 9 எம்.எம். பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் கிடைத்தவர்களும் கான்பூர் பாயிண்ட் 32 ரிவால்வர் போன்றவற்றைத்தான் வாங்க முடியும். நான் பேசுவது இடுப்பில் ஹோல்ஸ்டரைக் கட்டிக்கொண்டு பந்தோபஸ்துக்குப் போகிற காவலர்களைப் பற்றி.

வெப்ளி ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 1932-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட என்ஃபீல்டும் ஏறக்குறைய அதே அமைப்புதான். கட்டைவிரலால் தாழை அழுத்தினால் குழல் முன்பக்கம் மடியும். எக்ஸ்ட்ராக்டர் மேலெழும்பி ஆறு கேஸையும் ஒரே தள்ளில் வெளியே போடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆறு ஓட்டையும் தெரியும். ஒரு ரவுண்டு வெடிக்கவில்லை என்றால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்கு வருகிறவர் பதற்றத்தில் இருக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

அதன் குறைகளையும் நான் அறிவேன். ஹேமரைத் தூக்காமல் நேராக விசையை இழுத்தால் இழுவை கனம். பழகாத கை குறியைக் கீழே இடதுபக்கம் கொண்டுபோய்விடும். தோல் பெல்ட்டில் மாதக்கணக்கில் செருகி வைத்த ரவுண்டுகளில் பச்சை பூத்து, சேம்பருக்குள் ஏறாமல் நிற்கும். பாயிண்ட் 38 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும், வெப்ளி ரவுண்டு குட்டை, சற்றுப் பருமன். பாயிண்ட் 38 ஸ்பெஷல் ரவுண்டு நீளம், ஒல்லி. இரண்டும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் அன்றைய பொழுது பிரித்தெடுப்பதிலேயே போகும். சிலிண்டரைத் திருப்பும் கொக்கி தேய்ந்து டைமிங் தவறினால், அந்த ரிவால்வர் பட்டறைக்குத்தான் வர வேண்டும். ரிவால்வர் லேசில் நிற்காது. நின்றால் வீதியில் வைத்துச் சரிசெய்ய முடியாது. பிஸ்டல் அடிக்கடி நிற்கும். பழகிய கையாக இருந்தால் நின்ற இடத்திலேயே ஸ்லைடை இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். தேர்வு செய்கிறவர்கள் முதலில் எடைபோட வேண்டியது இதைத்தான். யாரும் எடைபோட்டு நான் பார்க்கவில்லை.

பிஸ்டல் நம் சீமைக்குப் புதிதும் அல்ல. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அதை வடிவமைத்த பிரௌனிங் வரையத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்த பிறகு அதைச் செய்த பெல்ஜியத் தொழிற்சாலையிலேயே சைவ் என்ற வடிவமைப்பாளர் முடித்து, 1935-இல் வந்ததுதான் ஹை பவர் பிஸ்டல். அதை இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை 9 எம்.எம். 1ஏ என்று செய்கிறது. மேகசினில் பதிமூன்று ரவுண்டு. ஆறுக்குப் பதிமூன்று என்ற கணக்கு காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஏட்டையா அந்தப் பதிமூன்றை நம்பியதே இல்லை. "பிஸ்டல் நிக்கலைப்பா, பெட்டிதான் நிக்குது" என்பார். மேகசினைத்தான் பெட்டி என்பார். ஒவ்வொரு மேகசினிலும் அடியில் எண் குத்த வைத்து, அதைப் பதிவேட்டில் எழுதினார். அந்த எண் எந்தப் பிஸ்டலோடு போனதோ அதோடுதான் திரும்ப வர வேண்டும். ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, சாயங்காலம் ஜன்னலருகே உட்கார்ந்து அதன் உதடுகளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். உதடு மயிரிழை விரிந்திருந்தாலும் ரவுண்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும், ஸ்லைடு பாதியில் கடிக்கும். என்னிடம் கொடுத்து "எது கெட்டது சொல்லு" என்பார். பதில் தெரியாவிட்டால் திட்டமாட்டார், மறுநாளும் அதையே கொடுப்பார். ஸ்பிரிங் தளர்ந்ததை விரலால் அழுத்தியே கண்டுபிடிக்க அவரிடம்தான் கற்றேன். எந்தக் கையேட்டிலும் அது இல்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள். அந்த எண் பதிவேட்டின் அருமை மட்டும் மாலை போட்டவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

அவர் தொண்டை வற்றச் சொன்ன பாடம் இன்னொன்று. ரிவால்வரைத் திறந்தால் காலி தெரியும். பிஸ்டலில் மேகசினை எடுத்தாலும் சேம்பரில் ஒன்று இருக்கலாம். வரிசை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினை எடுத்தால், உள்ளே புதிதாக ஒன்றை ஏற்றி வைத்துவிட்டோம் என்று பொருள். துடைக்கும்போது வெடித்தது என்று செய்தி வருகிறதே, அதில் பெரும்பாலும் நடப்பது இதுதான். 1ஏ-யில் ஒரு சிக்கல் கூடுதல். மேகசின் உள்ளே இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. பாதுகாப்புக்கு வைத்தார்கள். ஆனால் நிமிர்ந்து நிற்கும் ஹேமரை இறக்க வேண்டுமானால் காலி மேகசினை மறுபடி போட்டாக வேண்டும். கை தவறி நிரம்பிய மேகசினைப் போட்டு ஸ்லைடையும் இழுத்துவிட்டால் என்ன ஆகும்? அதனால் எங்கள் மேசையில் காலி மேகசினுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்துத் தனி ஆணியில் மாட்டியிருந்தோம். சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்த்த பிறகுதான் அந்த ஆணிக்குக் கை போகும்.

இது எனக்கு எளிதாகப் படிந்ததற்குக் காரணம் ஊர்தான். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புச் சாமான் போகாது, நைலான் துணி போகாது, இத்தனை பேருக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய சாவு இருக்கிறது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஃபோர்மேன் சொன்னதை மீறிய அறை எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள். சிவகாசிப் பக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்த பையன்களிடம் அந்தப் பயம் இருந்தது. அதை நான் மதித்தேன்.

பிறகு க்ளாக் பற்றிய பேச்சு வந்தது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்த பிஸ்டல், பாலிமர் உடம்பு, பதினேழு ரவுண்டு. நல்ல ஆயுதம், சந்தேகமில்லை. தேசியப் பாதுகாப்புப் படை வைத்திருக்கிறது. அவர்கள் ஓயாமல் சுடுகிறார்கள், அவர்களுக்குப் பொருந்தும். வெளியே தனி சேஃப்டி லீவர் கிடையாது, விசையிலேயே அடங்கியிருக்கிறது. கழற்றுவதற்கே விசையை ஒருமுறை இழுக்க வேண்டும். சேம்பரைப் பார்க்காத பழக்கமுள்ளவர் கையில் அதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இதுதான். வாரம்தோறும் சுடுகிறவருக்குப் பிஸ்டல் கொடுங்கள். வருடாந்திரப் பயிற்சியில் மட்டும் சுடுகிறவருக்கு ரிவால்வரை விட்டுவையுங்கள். ரிவால்வரை மாற்றிப் பிஸ்டலைக் கொடுத்தவர்கள் பயிற்சியை மாற்றவில்லை. ஆறு ரவுண்டு காலத்துப் பயிற்சியை வைத்துக்கொண்டு பதிமூன்று ரவுண்டு ஆயுதத்தைக் கொடுத்தார்கள். ஏட்டையா ரிவால்வரில் நல்ல ரவுண்டுகளுக்கு நடுவே வெத்து கேஸைக் கலந்து போட்டுக் கொடுப்பார். வெடிக்காத இடத்தில் கை குலுங்கினால், சுடுகிறவருக்கே தன் குறை தெரிந்துவிடும். எத்தனையோ பேருடைய கையை அது திருத்தியது. நேரமாகிறது என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இலக்குத் தாளில் ஓட்டை இருந்தால் பாஸ். கை எப்படி இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆர்மரர் வேலைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதே அவசரம்தான். ஸ்பிரிங் போனால் புதிது போடு, உதடு விரிந்தால் தூக்கிப்போடு என்கிறார்கள். ஏன் விரிந்தது என்ற கேள்வி அவர்களுக்கு இல்லை. அடுத்த மேகசினும் அதே தரையில் விழத்தான் போகிறது. இனி எந்தப் பிஸ்டல் வாங்கினாலும், ரவுண்டு எத்தனை பிடிக்கும் என்று கேட்கும் முன் பயிற்சி ரவுண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மேகசின் பதிவேட்டை எழுத ஓர் ஆளையும் அதற்கென்றே போடுங்கள்.