திரையோரம் தமிழில் ஒரு வரி

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே எங்கள் தண்ணீர்ப் பந்தல் குழுவின் அஞ்சல் பெட்டி நிரம்பத் தொடங்கிவிடும். மோருக்கு யார் பொறுப்பு, ஐஸ் எத்தனை மணிக்கு, பத்துமலையில் பந்தல் எந்தப் பக்கம். எல்லாம் என் வீட்டு உபுண்டு கணினிக்குத்தான் வரும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சலை இறக்கும்படி, நேரம் பார்த்து நிரலை ஓட்டும் கிரானில் எழுதி வைத்திருந்தேன். கையால் ஓட்டினால் திரையில் அறிவிப்பு வரும். கிரான் ஓட்டினால் வராது. அறிவிப்பு போய்ச் சேர வேண்டிய என் திரை அமர்வின் டி-பஸ் முகவரி கிரானுக்குத் தெரியாது என்று புரிய ஓர் இரவு பிடித்தது. சிஸ்டம்டியின் பயனர் டைமருக்கு மாற்றியதும் வந்தது.

ஆனால் அறிவிப்பில் அஞ்சலின் தலைப்பைப் படிக்க முடியவில்லை. நான்கு, கே, ஆறு என்று திரும்பத் திரும்ப வந்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அஞ்சல் தலைப்பில் பேஸ்64 அதை நான்கு எழுத்தாக்குகிறது. தலைப்பு எந்தத் தமிழ் எழுத்தில் தொடங்கினாலும் முதல் மூன்றும் அதே நான்கு, கே, ஆறுதான். நம் மொழி அங்கேயும் தன் அடையாளத்தோடு நிற்கிறது! பைத்தானில் அதை அவிழ்க்க ஒரே வரி போதும். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கிய நாடு இது. இங்கே தமிழ் அறிவிப்பு குப்பையாகத் தெரிய நான் விடமாட்டேன்.

அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் விஷயத்தில் தவறு என்னுடையது. அஞ்சலை இறக்கும் நிரலின் அமைப்புக் கோப்பிலேயே அதை அப்படியே எழுதியிருந்தேன். காப்புப்பிரதி எடுத்த பென்டிரைவில் அதுவும் போனது; அந்தப் பென்டிரைவை ஒருவருக்குப் படம் பார்க்கக் கொடுத்துவிட்டேன். குழுவே நம்பி ஒப்படைத்த பெட்டி. அன்றே கடவுச்சொல்லை மாற்றி, புதியதை சீக்ரெட்-டூல் வழியாக, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் க்னோம் கீரிங்கில் வைத்தேன். இப்போது கோப்பில் இருப்பது அதைக் கேட்டு வாங்கும் கட்டளை மட்டுமே.

அதற்குப் பிறகும் கணினி ஒவ்வொரு காலையும் கீரிங் கடவுச்சொல்லைக் கேட்டது. தானியங்கி நுழைவை வைத்திருந்ததுதான் காரணம். நுழையும்போது நாம் தட்டும் கடவுச்சொல்லைக் கொண்டுதான், நுழைவைச் சரிபார்க்கும் பேம் கீரிங்கைத் திறக்கிறது. தட்டாவிட்டால் திறக்க அதனிடம் சாவி இல்லை. தானியங்கி நுழைவை நிறுத்தினேன். கீரிங் திறந்த பின் என் பெயரில் ஓடும் எந்த நிரலும் அஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கலாம் என்பதால், கண்ட நிரலையும் அந்தக் கணினியில் ஏற்றுவதில்லை.

வெள்ளி ரதம் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்பட்ட இரவு, திரையோரம் ஒரு வரி வந்தது: 'ஐஸ் லாரி கிளம்பிவிட்டது.'