ஒரே வயல், இரண்டு தூரிகை

ஸ்கெட்ச் நோட்டும் கையுமாக நண்பரோடு கிராமத்துப் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1872-ல் பாரிஸுக்கு வடமேற்கே, உவாஸ் ஆற்றங்கரையில் உள்ள பொந்துவாஸுக்கு ஓவியர் பால் செசான் வந்து சேர்ந்தார். அங்கே இருந்தவர் சக ஓவியர் கமீய் பிசாரோ. எட்டு வயதுக்கு மேல் மூத்தவர், பொறுமைசாலி.

இருவரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குப் போவார்கள். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்ற தகர வண்ண ட்யூப்தான் இதைச் சுலபமாக்கியது. அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். ஊசியால் குத்தி வண்ணத்தைப் பிதுக்கிவிட்டால், ஓட்டையைச் சரியாக மூட வழியில்லை.

பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்தாலும் கைவாகு வேறு. வேடிக்கை பார்த்த ஊர்க்காரர் ஒருவர், பிசாரோ குத்திக் குத்தி வைக்கிறார், செசான் அப்புகிறார் என்றாராம்!

அதுவரை கறுப்பும் பழுப்புமாகக் கிடந்த செசானின் படங்களில் வெளிச்சம் ஏறியது இந்தக் காலத்தில்தான். லூவெசியென் என்ற ஊரைப் பிசாரோ வரைந்த ஓவியம் ஒன்றைக் கடன் வாங்கி அப்படியே பிரதியெடுத்தும் பழகினார்.

பிசாரோ 1903-ல் இறந்தார். 1906-ல், தானும் இறந்த அதே ஆண்டில், எக்ஸ் நகரக் கண்காட்சிப் பட்டியலில் செசான் தன்னைப் 'பிசாரோவின் மாணவர்' என்றே குறிப்பிட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 67.