மேலேயிருந்து வரும் தண்ணீர்

தண்ணீருக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் எங்கள் ஊர் வாய்க்காலில் குளித்திருக்க மாட்டார்கள். தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் ஓடுகிற தண்ணீருக்கு ஒரு வரிசை உண்டு. மேலே அக்கிரகாரத்துப் படித்துறை. அதற்குக் கீழே ஊர்த்தெருக்காரர்கள் துறை. அப்புறம் மாடு குளிப்பாட்டுகிற இடம். அதுக்கும் கீழேதான் நம்ம சனங்க. எங்க ஆச்சி சொல்லுவா: "மாடு எறங்கிக் கலக்கிட்டுப் போன பொறவுதான் நாம எறங்கணும். மாட்டுக்குப் பின்னாலதான் மனுசன்."

தண்ணீர் மேலேயிருந்து கீழே வருவது இயற்கை. அந்த இயற்கையின் மேல் சாதியை ஏற்றி வைத்தவர்கள் புத்திசாலிகள். யாரையும் அடிக்கவேண்டியதில்லை, திட்டவேண்டியதில்லை. எந்த இடத்தில் இறங்குகிறாய் என்பதே நீ யார் என்று சொல்லிவிடும். அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தது இதனால்தான் போராட்டம் ஆயிற்று. ஒரு கை தண்ணீர் குடிப்பதே போராட்டமாக இருந்த நாடு இது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம்ம சனங்க குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். நூறு ஆண்டு ஆகப்போகிறது. தண்ணீர் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கோடுதான் நான் அருவி பார்க்கப் போனேன்.

2022 சூலை 23ஆம் தேதி நெல்லையில் தாமிரபரணி நினைவஞ்சலி. 1999இல் அதே நாளில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுதலை செய்யச் சொல்லியும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போன மக்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. அந்தச் சாவுகளை ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக எடுத்தார். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் ஆற்றில் பூப்போடுகிறோம். அந்த ஆண்டு பூப்போட்டு முடித்ததும், கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கச்சிமார் ஒரு கேள்வி கேட்டார்கள்: "எக்கா, இந்தத் தண்ணி எங்கருந்து வருது? அங்க போவமா?"

பன்னிரண்டு பேர். ஒரு வாடகை வேன். குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று மூன்று நாள் திட்டம். "இயக்கத்துல இருந்துக்கிட்டு டூர் போறீகளா?" என்று மூத்த தோழர் ஒருவர் கிண்டல் செய்தார். இருக்கட்டும். நம்ம ஆட்கள் மலைக்குப் போனதெல்லாம் விறகுக்கு, கூலிக்கு, கங்காணி கூப்பிட்டு. சும்மா பார்ப்பதற்கென்று மலை ஏறுகிற முதல் தலைமுறை நாங்கள்தான். சும்மா இருப்பதும், சந்தோசமாக இருப்பதும், குளிரில் நடுங்கிக்கொண்டே சிரிப்பதும் பறிக்கப்பட்ட உரிமைகள்தான். அதையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

குற்றாலத்தில் சீசன். சாரல் முகத்தில் அடித்தது. பேரருவியில் பெண்கள் பக்கம் நெருக்கித் தள்ளும் கூட்டம். உள்ளே போய்த் தலையைக் கொடுத்தால் தண்ணீர் கல்லெறிகிற மாதிரி மண்டையில் விழுகிறது. மூச்சு முட்டுகிறது. யார் கை யார் தோளில் கிடக்கிறது என்று தெரியாது. பக்கத்தில் நிற்பவள் நகை போட்டவளா, கூலிக்காரியா ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே நனைந்த தலைமுடி, ஒரே நடுக்கம். எங்க ஊர் வாய்க்காலில் காணாத ஒன்றை அங்கே கண்டேன். அருவிக்கு மேல்துறை, கீழ்துறை கிடையாது. எல்லார் தலையிலும் ஒரே நேரத்தில் விழுகிறது.

ஈரத்தோடு வெளியே வந்து சேலை மாற்றுகிற இடத்தில் நின்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு குளித்த ஒரு அம்மா சிரித்தமுகமாகக் கேட்டார்: "எந்த ஊரும்மா?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். அவ்வளவுதான். துண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். அருவி அழித்ததை ஒரு தெருப் பெயர் ஐந்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. முதல் நாள் ராத்திரி தங்குவதற்கு அறை கேட்டபோது விடுதிக்காரர் கேட்டதும் இதே கேள்விதான். "நீங்கள்லாம் என்ன ஆளுக?" எங்கள் வேனில் ஒட்டியிருந்த நீலக்கொடியைப் பார்த்துவிட்டு, அறை இல்லை என்றார். வேறு விடுதி பிடித்தோம்.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி பாடம். மலைவளம் சொல்கிற குறத்தியின் அழகை வாத்தியார் ராகம்போட்டு நடத்தினார். அந்த நூலுக்காகக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். பாட்டில் மலை குறத்திக்குச் சொந்தம். நிலம் கவிராயருக்குச் சொந்தம். குறவர் சனங்களுக்கு என்ன கிடைத்தது? அந்தக் கேள்வி எந்தத் தேர்விலும் வரவில்லை. குற்றாலத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பு உறையும் ஒதுங்கிய பழந்துணியும் அள்ளிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்காவிடம், "நீங்க அருவியில குளிப்பீகளாக்கா?" என்று எங்கள் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். "சீசன்ல எங்கம்மா நேரம்?" என்றார். குறவஞ்சி இன்னும் எழுதி முடியவில்லை.

அடுத்த நாள் பாபநாசம். அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். 1925 சூன் 3ஆம் தேதி வ.வே.சு. ஐயர் அங்கேதான் இறந்தார். வெள்ளத்தில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தார். இருவருமே போய்விட்டார்கள். மகளுக்காகக் குதித்த தகப்பனை நினைத்து வருத்தப்படாமல் இருக்கமுடியாது. ஆனால் அதே ஆற்றங்கரையில், சேரன்மாதேவியில், அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதையும் மறக்கமுடியாது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். தமிழ்நாட்டு அரசியலே அதில் திசை மாறியது. அந்தத் தீர்த்தக்கரையில் நின்று இந்தக் கதையை நான் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: "எக்கா, பந்தி ஒண்ணா தனியான்னு சண்டை போட்டாகளே, அன்னைக்கு நம்ம ஆளுக எங்க இருந்தாக?" வயலில்தான் இருந்தார்கள். அந்தப் பந்தியில் விழுந்த சோற்றுக்கு நெல் நட்டது அவர்கள்தான்.

அந்த மலையில் நமக்கும் முந்தியவர்கள் காணிக்காரர்கள். பொதிகை அவர்கள் காடு. அகத்தியர் தமிழ் வளர்த்த மலை என்று சொல்லும் இலக்கிய வரலாறுகள் அந்த மலையில் வாழ்கிற காணிகளைப் பற்றி ஒரு வரி எழுதியதாக நான் படித்ததில்லை.

மூன்றாம் நாள் மணிமுத்தாறு. அணையைத் தாண்டி, சோதனைச் சாவடியில் பேரும் வண்டி நம்பரும் எழுதிக்கொடுத்துவிட்டு, அருவியில் குளித்துவிட்டு மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு காடு அடர்கிறது. வழியில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்கிற இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் உண்டு. காக்காச்சியில் துரைமார் கோல்ஃப் விளையாடிய புல்வெளியைக் காட்டினார்கள். பஞ்சு மாதிரி மேகம் அதன்மேல் போய்க்கொண்டிருந்தது.

நாலுமுக்கில் என் பெரியம்மை இருந்தாள். அங்கே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து ஓய்ந்தவள். லயன் வீட்டு வாசலில் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். பிறகு எங்களைக் காட்டு வழியில் ஊத்துப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனாள். போகும்முன் எல்லார் காலிலும் உப்பும் புகையிலையும் தேய்த்துவிட்டாள், அட்டை ஏறாமலிருக்க. வழியில் சோலைமந்தி ஒன்று மரத்திலிருந்து எங்களைப் பார்த்தது. பையன்கள் போட்டோ எடுத்தார்கள். "எவ்வளவு அழகு பெரியம்மா!" என்றாள் ஒரு தங்கச்சி. பெரியம்மை நின்றாள். பச்சையாய் விரிந்து கிடந்த தேயிலைச் சரிவைக் காட்டிச் சொன்னாள்: "இந்த அழகு சும்மா வரல தாயி. இது காடாக் கிடந்துது. எங்க தாத்தன் கூட வந்தவுக பாதிப்பேரு காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டாவ. பொதைச்ச எடத்துக்கு மேலயும் தேயில நட்டுருக்கு."

கீழே இறங்கி வரும்போது ஒரு ஓடை. அதில் காலை விட்டுக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "ஏட்டி, நாங்க கால் கழுவுன தண்ணிதான் மணிமுத்தாறா எறங்கி, ஆத்துல சேந்து, கீழ போவுது. அதுலதான் சேரன்மாதேவியில இருந்து எல்லாப் பெரிய மனுசனும் முங்கி எந்திரிச்சுப் புண்ணியம் தேடுதான்."

எங்க ஊர் வாய்க்கால் வரிசையை ஒரு வார்த்தையில் தலைகீழாகப் புரட்டிவிட்டாள். நான் படித்த எந்தத் தத்துவமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஆற்றின் தலைமாட்டில் நம்ம சனங்கதான் இருந்தார்கள். அந்த மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் 1999இல் அவர்களை அடித்து மூழ்கடித்தார்கள்.

அந்த மலை எப்படிக் கைமாறியது என்பதையும் சொல்லவேண்டும். சிங்கம்பட்டி ஜமீன் காடு அது. 1919இல் சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கல்விநிலைய முதல்வர் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் ஜமீன் வாரிசு மாட்டிக்கொள்ள, வழக்குச் செலவு கடனாக ஏறி, அதை அடைக்கத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டார்கள் என்பது அந்தப் பக்கத்துக் கதை. 1929இல் பாம்பே பர்மா கம்பெனிக்கு 8,373 ஏக்கர், 99 ஆண்டுக் குத்தகை. பிறகு ஜமீன் ஒழிப்பு வந்தது. நிலம் அரசுக்குப் போயிற்று. குத்தகை மட்டும் அப்படியே நீடித்தது. நெல்லைச் சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன கூலிகளில் பெரும்பகுதி தலித்துகள். ஜமீன், கம்பெனி, அரசு என்று மூன்று முதலாளிகள் மாறினார்கள். கொழுந்து கிள்ளிய விரல்கள் மாறவில்லை. நாலு தலைமுறை.

1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. 2018இல் தோட்ட நிலத்தை அரசு காப்புக்காடாக அறிவித்தது. குத்தகை முடிவது 2028இல்தான். ஆனால் கம்பெனி முன்னாலேயே மூட்டை கட்டியது. 2024 சூனில் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி வேலையை நிறுத்தினார்கள். போக இடமில்லாதவளிடம் வாங்குகிற கையெழுத்துக்கு விருப்பம் என்று பெயர்! தோட்டத்தை அரசே எடுத்து நடத்தவேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்யச் சொன்னது.

காடு காடாக வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. தேயிலை அந்த மலையின் பயிர் இல்லை. சோலை திரும்ப வரட்டும், மந்தி வாழட்டும். ஆனால் கணக்குத் தீர்க்காமல் காடு திரும்பக்கூடாது. 2006 வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்திருக்கவேண்டும் என்கிறது. எண்ணிப் பார்த்தால் 1930 வருகிறது. குத்தகைப் பத்திரம் 1929. கம்பெனிக்குப் பத்திரம் இருக்கிறது. முதல் கூலிக்கு என்ன பத்திரம் இருக்கும்? தேயிலைக்குக் கீழே கிடக்கிற எலும்புதான் இருக்கும்.

குறிஞ்சியும் முல்லையும் தன் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோ சொன்னதை வகுப்பில் படித்தோம். வெயிலால் வருகிற பாலையைத்தான் இலக்கணம் பேசுகிறது. மழை நிற்காத நாலுமுக்கில் காகிதத்தால் வந்த பாலைக்கு இன்னும் யாரும் இலக்கணம் எழுதவில்லை. அதை நாம்தான் எழுதவேண்டும்.

தோழர்களே, மாணவர்களே, அருவிக்குப் போங்கள். குறுக்கே எவன் கேள்வி கேட்டாலும் தெருப்பெயரை உரக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். தலையைக் கொடுத்து நன்றாகக் குளியுங்கள். ஆனால் மலையில் பச்சையாய் எது தெரிந்தாலும், யார் நட்டது, அவர்கள் இப்போது எங்கே என்று விசாரியுங்கள். பெரியம்மை இப்போது கீழே, சமவெளியில், சின்ன மகன் வீட்டில் இருக்கிறாள். வாடகை வீடு. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. "மலையில காதுக்குள்ள எந்நேரமும் தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே கெடக்கும். இங்க கொடம் உருட்டுற சத்தந்தான் கேக்குது" என்கிறாள். 2028இல் குத்தகை முடியும்போது அந்தக் குடத்துக்கும் சேர்த்துத்தான் நாம் கணக்குக் கேட்கவேண்டும்.