தூக்கம் போனால் மாத்திரையைப் பாருங்கள்

மேற்கு மாம்பலத்தில் என் வயதுக்காரர்கள் கூடினால், பேச்சு சுற்றிச் சுற்றி மூட்டு வலியிலும் ராத்திரித் தூக்கத்திலும் வந்து நிற்கும். அயோத்யா மண்டபத்தில் உபன்யாசம் கேட்டுவிட்டு வெளியே வரும்போதும் அதே கதைதான். "வயசாச்சு, இனிமே எங்கே தூக்கம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு சீக்கிரம் வயதின்மேல் பழியைப் போட வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி, அறுபதைத் தாண்டியவர். இரண்டரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். நான்கு மணிக்குள் வாசலில் கோலம் விழுந்திருக்கும். என்ன சுறுசுறுப்பு என்று அக்கம்பக்கம் மெச்சியது. ஆனால் முகம் உப்பி வட்டமாகிக்கொண்டு வந்தது. வயிறு பருத்தது, கை கால் மெலிந்தன. வளையல் லேசாக இடித்த இடமெல்லாம் ஊதாவாகக் கன்றியிருந்தது. தாழ்வான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" மாமி கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மூட்டு வலிக்குத் தெரிந்தவர் வாங்கிக் கொடுத்ததாம்; மருந்துச் சீட்டு கிடையாது. அட்டையிலிருந்து கத்தரித்த துண்டுகள். ஒன்றின் ஓரத்தில் பாதிப் பெயர் மட்டும் மிச்சமிருந்தது: '...மெத்தசோன்'. டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. அதைத்தான் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிக்கொண்டிருந்தார்.

சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரக்கின்றன. நள்ளிரவை ஒட்டி அது மிகக் குறைந்திருக்கும். பின்னிரவில் ஏறத் தொடங்கி, காலையில் விழிக்கும் நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவில், கார்டிசால் தாழ்ந்திருக்கும்போதுதான் அமைகிறது. சுரப்பு மிகுந்தவர்களுக்கு நள்ளிரவிலும் அது இறங்குவதில்லை. உடம்பு படுத்திருக்கும், மூளைக்கு விடிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க இரவு பதினொரு மணி வாக்கில் எச்சிலை எடுத்துச் சோதிக்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் உடம்புக்குள் போய்க் கார்டிசாலின் வேலையைத்தான் செய்கிறது. அதை ராத்திரியில் விழுங்கினால் தூக்கம் எங்கிருந்து வரும்? போதாததற்குச் சர்க்கரை ஏறி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுப்பும். கழுத்தில் சதை போட்டால் குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்துகொள்ளும்.

மாமிக்கு வந்தது, அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-இல் விவரித்த நோய். குஷிங் நோய்க்குறி என்றே பெயர். பிட்யூட்டரியிலோ அட்ரினலிலோ கட்டி வந்தும் இது உண்டாகலாம், ஆனால் அது அபூர்வம். வெளியிலிருந்து உட்கொள்ளும் ஸ்டீராய்டுதான் முக்கியக் காரணம்.

ஸ்டீராய்டை நான் பழிக்கவில்லை. ஆஸ்துமாவிலும் முடக்குவாதத்திலும் எத்தனையோ பேருக்கு மறுவாழ்வு தந்த மருந்து அது. அட்ரினல் ஹார்மோன்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு 1950-இலேயே நோபல் பரிசு கிடைத்தது. கொரோனாவில் மூச்சுத் திணறியவர்களைக் காப்பாற்றியதும் இதே டெக்சாமெத்தசோன்தான். அளவும் நாளும் டாக்டர் சொன்னபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மேற்கு மாம்பலத்திலேயே, லேக் வியூ சாலையில் எம்.சி. சுப்பிரமணியம் 1953-இல் தொடங்கிய பப்ளிக் ஹெல்த் சென்டர் இன்றும் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் தெரியாத பொட்டலத்தை நம்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மாமிக்கு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவில்லை. வெளியிலிருந்து நெடுநாள் வந்துகொண்டிருந்தால் சொந்தச் சுரப்பி வேலையை மறந்துவிடும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. காலை வேளைக்கு மாற்றி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். தூக்கமும் அப்படித்தான் மெதுவாகத் திரும்பியது.

உங்கள் வீட்டுப் பெரியவர் தூக்கம் வரவில்லை என்று சொன்னால், அவர் விழுங்குகிற மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.